நனையாத பிரஷ்கள்

துருக்கியின் தெவ்ரெக்கில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் அது ஒரு கைத்தடிக்காரர் தலையில்தான் விழும். சிவப்புப் பழம் தருகிற கிஸில்ஜிக் மரத்தைக் கடைசலில் பிடித்து, பாம்பு சுற்றியது போலச் செதுக்கிக் கைத்தடி செய்வதுதான் ஊரின் பிழைப்பு. தஹ்சினும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான், அவனுடைய அக்கா பெரிஹான் கணவனோடு ஒத்துவராமல் துணிமூட்டையோடு வந்து சேரும்வரை.

வந்தவளுக்குக் கை சும்மா இருக்காது. சின்ன வயதிலேயே ரேடியோவைக் கழற்றி அடி வாங்கியவள். முக்குக் கடை சலூன்காரர் வழுக்கை விழுந்த ஒரு சவர பிரஷ்ஷைக் கொடுத்து, "பிடி நல்லாத்தான் இருக்கு, தூக்கிப்போட மனசு வரல, ஏதாவது பண்ணு" என்று தஹ்சினிடம் விட்டுப் போயிருந்தார். தஹ்சின் அதை ஜன்னலோரம் வைத்து மறந்துவிட்டான். பெரிஹான் எடுத்துப் பிரித்தாள். முடி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்தப் பசை, எதனால் விட்டுப்போனது என்று பார்த்தாள். விறகு வண்டிக்காரரிடம் கெஞ்சிக் குதிரை வாலில் கொஞ்சம் கத்தரித்து வாங்கி, சலவைச் சோடாவில் வேகவைத்து, உலர்த்தி, சீவி, கட்டி ஒட்டினாள். முதல் கட்டு ஒரே நாளில் அவிழ்ந்தது. அடுத்தது மூக்கில் குத்தியது. எத்தனையாவதோ ஒன்று சலூன்காரரின் மேஜைக்குப் போய், பாதி ஊரின் தாடியைப் பார்த்த பிறகும் ஒரு முடி உதிர்க்காமல் நின்றது. அன்றிலிருந்து தஹ்சின் பிடி கடைந்தான், அவள் முடி கட்டினாள்.

தாடி இல்லாதவள் கட்டுகிற சவர பிரஷ் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவள் தன் முழங்கையிலும் தம்பியின் கன்னத்திலும் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, இன்னிக்கு மூணாவது தடவ சவரம் பண்ண வைக்கற, கன்னம் எரியுது" என்று அவன் அலறுவான். "வாயத் தொறக்காத, நுரை உள்ள போயிடும்" என்பாள்.

கைப்பட சோப்புக் காய்ச்சுகிறவர்கள், பழைய கத்தி தீட்டுகிறவர்கள், பிரஷ் கட்டுகிறவர்கள், அவற்றை வாங்கிச் சேர்க்கிற பித்தர்கள் எல்லாரும் கூடுகிற இடம் ஒன்று இணையத்தில் இருந்தது. பெயர் 'நுரைச் சபை'. அங்கே விளம்பரம் கிடையாது. இஸ்மிரில் சோப்புக் காய்ச்சுகிறவர் "முடி வேணும்னா பெரிஹான் கிட்டப் போங்க" என்பார். பெரிஹான் "கத்தி வேணும்னா புர்சாவுல தீட்டறவர்தான்" என்பாள். ஒருவர் வாய்ச்சொல்தான் இன்னொருவருக்குக் கடைப்பலகை. அப்படித்தான் 'பெரிஹான் கட்டு முடி கொட்டாது' என்ற பேச்சு கடல் தாண்டி ஹாம்பர்க்கில் ஒரு சின்னக் கடைவரை போயிருந்தது.

அந்தப் பேச்சில் ஒரு வசந்தகாலத்தில் ஓட்டை விழுந்தது.

போட்டவர் கேப்டன் ஃபெவ்ஸி. இஸ்தான்புல்லின் பாஸ்பரஸ் ஜலசந்தியில் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். சபையில் தினமும் காலையில் 'இன்றைய சவரம்' என்று ஒரு படம் போடுவார்: வெள்ளைத் துண்டு, செம்புக் கிண்ணம், மலை மாதிரி நுரை, பக்கத்தில் அன்றைய பிரஷ். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாதிச் சபை முகம் கழுவும். அவர் நன்றாக இருக்கிறது என்றால் சரக்கு ஒரு வாரத்தில் தீரும். அவர் எழுதினார்: "பெரிஹான் தங்கையின் பிரஷ்ஷை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயன்படுத்தி வருகிறேன். இப்போது முடி கொத்துக் கொத்தாகப் போகிறது. மனவருத்தத்தோடு சொல்கிறேன், இனி நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்."

அதுவரை வாய் திறக்காத சிலரும் தைரியம் வந்து, எனக்கும் அப்படித்தான், எனக்கும்தான் என்றார்கள். வழுக்கை விழுந்த பிரஷ்களின் படங்கள் வந்தன. பசையை மாற்றிவிட்டாள், பெயர் வந்ததும் கை அலட்சியமாகிவிட்டது, சீனாவிலிருந்து கட்டி வரவழைக்கிறாள் என்று ஆளுக்கொரு காரணம் முளைத்தது. ஹாம்பர்க் கடைக்காரர், கொஞ்சம் பொறுப்போம் என்று மரியாதையாக எழுதினார்.

தஹ்சின் கொதித்தான். "அந்தக் கிழவனுக்கு நான் எழுதறேன் பாரு பதில். படகு ஓட்டினவனுக்கு முடியப் பத்தி என்ன தெரியும்?"

"நீ கடைசலப் பாரு. மூளைய எனக்கு விடு."

"உனக்குக் கோவமே வரலையா?"

வந்திருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக வேறொன்று அவளை அரித்தது. அதே பசை, அதே நூல், அதே கை. சலூன்காரரின் பிரஷ் தினமும் முப்பது முகம் பார்த்தும் சிங்கம் மாதிரி நிற்கிறது. அலமாரியில் பட்டுபோல வைத்திருப்பவனின் பிரஷ் கொட்டுகிறது. இது என்ன கணக்கு?

தொலைபேசியை எடுத்தாள். புகார் சொன்னவர்களை ஒவ்வொருவராக அழைத்தாள். திட்டு வாங்கினாள், மன்னிப்புக் கேட்டாள், புதிது கட்டித் தருகிறேன் என்றாள். பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்வி: "அண்ணே, கடைசியா எப்ப நனைச்சீங்க?"

அங்கேதான் எல்லோருக்கும் நாக்கு குழறியது. கொன்யாவிலிருந்த ஒரு வழக்கறிஞர், "அது... என்கிட்ட அறுபது பிரஷ் இருக்கு. முறைவச்சுத்தான் எடுப்பேன்" என்றார்.

"என்னுது முறை எப்ப வந்துச்சு?"

"வரப்போவுது."

இன்னொருவர், மகன் கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தாராம். மகனுக்கு வயது பத்து. மூன்றாமவர், "வாசனை பாத்துட்டு வச்சிருவேன்" என்றார்.

பிறகு புகார் சொல்லாதவர்களையும் அழைத்துப் பார்த்தாள். அடானாவில் ஒரு லாரி டிரைவர், "உங்க பிரஷ்ஷா? வண்டியில கண்ணாடிப் பக்கத்துலயே தொங்குது, தினமும் அதாலதான். ஏன், திருப்பிக் கேக்கறீங்களா? தர மாட்டேன்" என்றான்.

பெரிஹான் அடுப்படியில் நின்று டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். தினம் அடிபடுகிறவை நன்றாக இருக்கின்றன. தொடாதவை வீணாகின்றன. இது பசையின் குற்றமாக இருக்க முடியாது. பசை விட்டால் முடி வேரோடு வரும், அதுவும் நனைந்த பிறகுதான் வரும். ஆனால் இந்த யோசனைக்குக் குறுக்கே ஒரே ஒரு பிரஷ் முட்டுக்கட்டையாகக் கிடந்தது. கேப்டனுடையது. ஒவ்வொரு வெள்ளியும் நனைகிற பிரஷ். படம் சாட்சி.

"அதை நேர்ல பாத்தாத்தான் ஆவும்" என்றாள்.

கேப்டனுக்கு அழைத்தபோது அவர் தயங்கினார். "வேணாம்மா, எதுக்கு அலைச்சல், தபால்ல அனுப்பறேன்" என்றார். அனுப்பவில்லை. மறுபடி கேட்டதற்கும், பார்க்கலாம் என்றார். ஒருவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அந்தக் கதவைத் திறந்து பார்க்கத்தானே தோன்றும்? இரண்டு ஜாடி கிஸில்ஜிக் ஜாமைக் கட்டிக்கொண்டு பெரிஹான் இஸ்தான்புல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பாஷாபாஹ்சேயில் கடல் தெரிகிற மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் கேப்டனின் மனைவி மெலாஹத்.

"யாரும்மா?"

"பெரிஹான். தெவ்ரெக்லேர்ந்து வரேன்க்கா. கேப்டனுக்கு பிரஷ் கட்டிக் குடுத்தவ."

"ஐயய்ய, அந்த பிரஷ்காரியா! நான் என்னமோ கிழவின்னு நெனச்சேன். வா, இந்த செருப்பப் போட்டுக்க, தரை சில்லுனு இருக்கு. அவரு காப்பிக் கடைக்குப் போயிருக்காரு, சீட்டாட்டம் முடிஞ்சாத்தான் வருவாரு."

வரவேற்பறையில் பீங்கான் வைக்க வேண்டிய கண்ணாடி அலமாரி முழுக்க பிரஷ்கள் நின்றன. கொம்புப்பிடி, மரப்பிடி, பச்சை, தேன்நிறம். பெரிஹானுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"பீங்கான எல்லாம் கட்டிலடில போட்டாச்சு" என்றார் மெலாஹத், டீயை ஊற்றிக்கொண்டே. "தூசி தட்டலாம், தொடக்கூடாது. இந்த வீட்டுச் சட்டம் அது."

"சவரத்துக்கு எடுக்கறப்ப அவரே எடுத்துக்குவாராக்கா?"

"சவரமா?" மெலாஹத் சிரித்துவிட்டார். "ஈ மாதிரி ரீங்காரம் போடற மிஷின் ஒண்ணு இருக்கு, அதாலதான் இழுத்துக்கறாரு. இதயத்துல வால்வு மாத்தினதுலேர்ந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. சின்னக் கீறல் பட்டாலும் குழாயத் தொறந்த மாதிரி கொட்டும். வீட்ல பிளேடே வைக்காதீங்கன்னுட்டாரு டாக்டர்."

பெரிஹான் டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

வாசலில் இருமல் கேட்டது. கேப்டன் உள்ளே வந்தார். மழமழவென்ற கன்னம், வெள்ளை மீசை. விருந்தாளியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நீ என்ன சொன்ன?"

"கேட்டதச் சொன்னேன்" என்று மெலாஹத் அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெரிஹான் எழுந்து கையை நீட்டினாள். "பிரஷ்ஷக் குடுங்க அண்ணே, பாக்கறேன்" என்றாள், வேறு எதையும் கேட்காதவள் போல.

மேஜை இழுப்பறையிலிருந்து கம்பளிப்பையை எடுத்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு பிரஷ்ஷோடும் கொடுத்தனுப்பும் பைதான். தீரே ஊரில் கம்பளி மிதிக்கிற மூத்த கைவினைஞர் ஜெய்னெல் உஸ்தா கையால் செய்தது. உள்ளேயிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். ஒரு பக்கம் எலி கரண்டியது போல இருந்தது. முடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வேர் இல்லை. நுனியும் சரியாக இருந்தது. நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. பையை உள்வெளியாகத் திருப்பி மேஜைமீது தட்டினாள். தவிடு மாதிரி ஏதோ விழுந்தது. விரலால் நகர்த்தினாள். தவிடு இல்லை. மயிர் முளைத்த குட்டிக் குட்டிக் கூடுகள், ஏதோ ஒன்று கழற்றிப் போட்ட சட்டைகள். கடைசியாக அதுவும் விழுந்தது: அரிசியில் பாதி நீளத்தில் பழுப்புப் புழு ஒன்று. வெளிச்சம் பட்டதும் சுருண்டுகொண்டது.

"பாத்தீங்களா!" என்றாள் பெரிஹான். புதையல் எடுத்தவள் மாதிரி இருந்தது அவள் குரல். "முடி கொட்டல அண்ணே, இது தின்னிருக்கு! இருட்டும் அமைதியும் இருந்தாத்தான் இது குடியிருக்கும். வாரத்துக்கு ஒருதரம் சோப்புத் தண்ணியில முக்கினா ஒண்ணுகூட நிக்காது."

சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவளுக்கே உறைத்தது. கேப்டனுக்கும் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பொய் சொல்லல தங்கச்சி. நுரை நிஜம். தினமும் காலைல எழுந்து நானே அடிக்கற நுரை. முகத்துல வைக்கலேன்னாலும் நுரை நுரைதான்."

"என் பிரஷ்ஷுல அந்த நுரைகூடப் படலியே."

"உன்னுது படத்துல அவ்ளோ அழகா விழுந்துச்சு. நனைச்சா அந்த வடிவு போயிருமோன்னு..." குரல் இறங்கியது. "வேற ஒண்ணால அடிச்சிட்டு உன்னுதப் பக்கத்துல நிறுத்துவேன். அவ்ளோதான். வெளிய சொல்லிடாதம்மா. நாலாயிரம் பேரு என் பேச்ச நம்பிக் கத்தி வாங்கறான். நான் கத்தியே பிடிக்கறதில்லன்னு தெரிஞ்சா மூஞ்சில துப்புவான்."

பெரிஹானுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "உங்க வீட்டுக் கதைய நான் எதுக்கு ஊர்ல சொல்றேன்? எனக்குப் புழு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும். ஒரு பாட்டில் குடுங்க, இதக் கொண்டு போறேன்."

"புழுவையா?"

"பின்ன? இங்க விட்டுட்டுப் போனா இந்த அலமாரி மொத்தமும் காலி."

கேப்டன் பாய்ந்து போய் பாட்டில் கொண்டு வந்தார்.

புழு வந்த வழி அவளுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டதாக நினைத்தாள். முடியை அவள் வேகவைத்துத்தான் கட்டுகிறாள். கம்பளிப்பைதான் வெளியிலிருந்து வருவது. ஜெய்னெல் உஸ்தா வயதானவர், ஆட்டுக் கம்பளியைச் சரியாக அலசாமல் விட்டிருப்பார். ஊர் திரும்பாமல் நேராக இஸ்மிர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து தீரேக்குப் போனாள். வழியெல்லாம், அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக் கட்டிக் கட்டி அவிழ்த்தாள்.

கட்டிய வாக்கியம் ஒன்றும் பயன்படவில்லை. ஜெய்னெல் உஸ்தா கம்பளியை உருட்டி மிதித்துக்கொண்டிருந்தார். பையையும் பாட்டிலையும் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினார்.

"என் கம்பளியில புழுவா? கொதிக்கற தண்ணி, சோப்பு, அதுக்கு மேல குனிஞ்சு என் நெஞ்சாலயே அரைமணி நேரம் அழுத்தித் தேய்க்கறேன். இதுல புழு பொழைச்சா அந்தப் புழுவுக்கு நான் மெடல் குத்தணும்!"

"உஸ்தா, நான் உங்களக் குத்தம் சொல்ல வரல..."

"பின்ன எதுக்கு வந்த, அதுக்குப் பேரு வைக்கவா?"

பையைப் பிடுங்கினார். கத்திரியால் தையலைப் பிரித்து, வெயிலில் விரித்து, கண்ணருகே கொண்டுபோனார். கோபம் இருந்தாலும் அவருக்கும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"இந்தா பாரு, கம்பளியில ஒரு ஓட்டை இருக்கா? இல்ல. உன் முடியத் தின்னுட்டு என் கம்பளியில படுத்துத் தூங்கியிருக்கு. சாப்பாடு உன் வீட்டுது, கட்டில்தான் என்னுது."

பெரிஹான் பையை வாங்கித் தானும் தடவிப் பார்த்தாள்.

"புர்சாவுல கத்தி தீட்டறானே, அவனுக்கும் இதே பைதான் போவுது. கேளு. இப்பவே கேளு, என் முன்னாடி கேளு."

தொலைபேசியில் கேட்டாள். புர்சாக்காரர், "பையா? அருமையா இருக்கு, ஒரு பூச்சியும் இல்ல, ஏன்?" என்றார். புகையிலைக் குழாய் செய்கிற இன்னொருவருக்கும் அதே பைதான் போகிறது. அவரும் அதையே சொன்னார்.

"இங்கேர்ந்து நல்லாப் போவுது" என்றார் உஸ்தா, இப்போது குரல் தணிந்து. "நீ அத எங்க வைக்கற?"

பெரிஹானுக்கு அந்த அறை கண்முன் வந்தது. பட்டறையின் பின்னறை. சுவரில் ஆணியடித்துப் பைகளைக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பாள். அதன் கீழே, ஜன்னலோரமாக, கிராமங்களிலிருந்து வருகிற குதிரை வால் மூட்டைகள். வேகவைக்காத முடி. சென்ற கோடையில் காற்றுக்காகத் திறந்துவைத்த ஜன்னல், அதற்கு வெளியே பூச்சிகள் மொய்க்கப் பூத்துக் கிடக்கிற செடிகள்.

தம்பிக்கு அழைத்தாள். "தஹ்சின், பின்னறைக்குப் போ. ஜன்னல் பக்கத்து மூட்டையப் பிரிச்சு, வெள்ளைத் துணி மேல உதறு."

"இப்பவா? கடைசல்ல மரம் ஓடுது."

"நிறுத்திட்டுப் போ."

காத்திருந்தாள். உஸ்தா அவளுக்கு ஒரு முக்காலியைத் தள்ளினார். தொலைபேசியில் மூச்சுச் சத்தம், சாக்கு உரசும் சத்தம், துணி உதறும் சத்தம்.

"அக்கா..."

"சொல்லு."

"நடக்குதுக்கா. துணி மொத்தமும் நடக்குது."

உஸ்தா வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "தன் முதுகு யாருக்கும்மா தெரியுது? வா, கொஃப்தே சாப்பிடலாம். பசியோட வருத்தப்படக் கூடாது" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் பெரிஹான் நுரைச் சபையில் எழுதினாள். தஹ்சின் தடுத்துப் பார்த்தான். "பையில பூச்சின்னு பொதுவா எழுதேன். உஸ்தா சபையிலயே இல்ல, அவருக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே."

நீட்டி முழக்காமல் எழுதினாள். முடி கொட்டவில்லை, பூச்சி தின்றிருக்கிறது. பூச்சி வந்தது என் பின்னறையிலிருந்து. ஜெய்னெல் உஸ்தாவின் பையில் குற்றம் இல்லை. நீண்ட நாள் நனைக்காமல் வைத்த பிரஷ் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பழுதானதை அனுப்புங்கள், திரும்பக் கட்டித் தருகிறேன். கீழே துணிமேல் நடக்கிற புழுக்களின் படத்தையும் போட்டாள். தன் கடையின் அழுக்கைத் தானே படம்பிடித்துப் போடுகிறவளை ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? தஹ்சின் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

முதலில் நல்ல வார்த்தைகள் வந்தன. பிறகு அங்காராவிலிருந்து ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி. நனைக்காத பிரஷ்ஷைத்தான் பூச்சி தின்னும் என்கிறீர்கள். கேப்டன் ஒவ்வொரு வெள்ளியும் நனைக்கிறாரே? அவருடையது எப்படிப் போனது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அவளிடம் இருந்தது, சொல்ல முடியவில்லை. அவள் மௌனமாக இருக்க இருக்க, மௌனமே குற்றமானது. பசைக் குற்றத்தை மறைக்கப் பூச்சிக்கதை கட்டுகிறாள் என்றார்கள். புழுப் படம் இணையத்திலிருந்து எடுத்தது என்றார் ஒருவர். உண்மையைச் சொன்ன பிறகுதான் அவளைப் பொய்க்காரி என்று அதிகம் பேர் சொன்னார்கள். பெரிஹான் திரையை மூடிவிட்டுப் பின்னறை மூட்டைகளை வெயிலில் இழுத்துப் போட்டாள்.

"இப்பவாவது சொல்லேன் அந்தாளப் பத்தி" என்றான் தஹ்சின்.

"சொன்னா நான் ஜெயிப்பேன். அப்புறம் எவன் வீட்டுக்குள்ள என்ன நம்பி விடுவான்?"

கேப்டன் சில நாளாகப் படமே போடவில்லை. உடம்புக்கு என்னவோ என்று சபையில் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை படம் வந்தது. அதே வெள்ளைத் துண்டு, அதே செம்புக் கிண்ணம், மலை மாதிரி நுரை. பக்கத்தில் பிரஷ் நிற்க வேண்டிய இடத்தில், சுருண்ட வயரோடு, ஒரு மின்சார சவர மிஷின்.

"இன்றைய சவரம்" என்று வழக்கம்போலவே எழுதியிருந்தார். கீழே: "வால்வு மாற்றியதிலிருந்து இதுதான் என் கத்தி. நுரை என் ஆசைக்கு. பெரிஹான் தங்கையின் பிரஷ்ஷை நான் ஒருநாளும் நனைத்ததில்லை. அவளுக்கு இது தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. திட்டுகிறவர்கள் என்னைத் திட்டுங்கள்."

திட்டினார்கள். இரண்டு கத்திக்காரர்கள், இனி உன் வாயால் எங்கள் பெயரைச் சொல்லாதே என்று எழுதினார்கள். ஒருவர் சபையைவிட்டே போனார். ஆனால் அந்தப் படத்தின் கீழே வேறொன்றும் நடந்தது, யாரும் எதிர்பாராதது. கொன்யா வழக்கறிஞர், "என்னிடம் அறுபது இருக்கிறது, நனைந்தவை நான்கு" என்று எழுதினார். ஒருவர் தன் சோப்புகளில் பாதிக்குமேல் உறையே பிரிக்கவில்லை என்றார். மற்றொருவர், நான் வாரம் இருமுறை சலூனுக்குப் போய்த்தான் சவரம் செய்துகொள்கிறேன், வீட்டுக் கத்தி பயமாக இருக்கிறது என்றார். சாயங்காலத்துக்குள் அலமாரிகளும் இழுப்பறைகளும் நாடு முழுக்கத் திறந்தன. வேறு ஊர்க்காரர்கள் கட்டிய பிரஷ்களிலும், பழைய விலையுயர்ந்தவற்றிலும் புழு கிடந்தது. அவற்றில் சிலவற்றுக்காக, பாவம், யார் யாரையோ ஏற்கெனவே திட்டித் தீர்த்திருந்தார்கள்.

பெரிஹான் அன்றெல்லாம் தொலைபேசியும் கையுமாகப் படித்துக்கொண்டே இருந்தாள். மனிதர்கள் வாங்குவதற்கும் பயன்படுத்துவதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியம் தீரவில்லை. கேப்டனுக்கு அழைத்தாள்.

"என்ன அண்ணே, துப்பினாங்களா?"

"கொஞ்சம் பேர். மீதிப் பேரு, மிஷினுக்கு முன்னாடி நுரை போட்டா எப்படி இருக்கும்னு கேக்கறாங்க." பின்னாலிருந்து மெலாஹத்தின் குரல்: "பீங்கான எப்ப வெளிய எடுக்கலாம்னு கேளு!"

பழுதான பிரஷ்கள் பெட்டி பெட்டியாக வந்தன. அவற்றைக் கட்டி முடிக்கக் கோடை போதவில்லை. ஹாம்பர்க் கடைக்காரர் பின்னறையின் படம் கேட்டார். அவள் வெள்ளையடித்து, ஜன்னலுக்கு வலை அடித்து, படம் அனுப்பினாள். அவர் பாதி அளவுக்கு மறுபடி எடுத்துக்கொண்டார். மீதிப் பாதியை நம்பிக்கை வந்த பிறகு பார்ப்போம் என்றார். அது அவளுக்கு நியாயமாகவே பட்டது.

வருகிற முடியைப் புழு இல்லாமல் ஆக்க வேண்டுமே? உறையவைத்தால் முட்டையோடு செத்துவிடும் என்று சலூன்காரர் எங்கோ கேட்டுவந்து சொன்னார். பெரிஹான் கசாப்புக்கடை ஹய்ரியிடம் குளிர்பெட்டியில் ஒரு மூலை கேட்டாள். அவரும் நல்ல மனதோடு கொடுத்தார். மூட்டைகள் ஒரு வாரம் நிம்மதியாக உறைந்தன. பிறகு ஒருநாள் கறி வாங்க வந்த பால்காரி, சாக்கின் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குதிரை வாலைப் பார்த்துவிட்டாள்.

ஹய்ரி பட்டறைக்குள் புயலாக நுழைந்தார், இரண்டு தோளிலும் மூட்டை. "பெரிஹான் அக்கா! இருபது வருஷமா சம்பாதிச்ச பேரு! சந்தையில என்ன பேசறாங்க தெரியுமா? ஹய்ரி கடையில குதிரை வால் இருக்குன்னா உடம்பு எங்க போச்சுன்னு கேக்கறாங்க. காலையிலேர்ந்து ஒரு கிலோ கொத்துக்கறி போவல!"

தஹ்சின் சிரித்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். பெரிஹான் எழுந்தாள். கையைத் துடைத்தாள். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கக்கா போற?"

"சந்தைக்கு. அது என் முடின்னு நான்தானே சொல்லணும்?"

கடை கடையாக நின்று சொன்னாள். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்காக அன்று ஹய்ரியிடமே இரண்டு கிலோ கொத்துக்கறி வாங்கி, எல்லோரும் பார்க்கிற மாதிரி பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தை நடுவே நடந்து வீட்டுக்குப் போனாள்.